நெடுந்தீவில் என்ன செய்யலாம்?

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் கொழும்புச் சிநேகிதி ஒருத்திக்காக ஒரு பட்டியல் எழுதினேன். சனி ஞாயிறில் யாழ்ப்பாணம் வருகிறோம், தீவுப் பக்கம் போக ஆசை, நெடுந்தீவில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். 776ஆம் இலக்க பஸ், குறிகட்டுவானில் காலைப் படகு, இறங்கினதும் ஓட்டோ, பிறகு குதிரை, பெருக்க மரம், கல்மதில், போர்த்துக்கேயர் கோட்டை, புறாக்கூடு, வெடியரசன் கோட்டை, வளரும் கல், குவீன்ஸ் டவர் என்று பதினைந்து வரி. போனில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மறந்துபோனேன். பட்டியல் சும்மா இருக்கவில்லை. எந்தெந்தக் குழுக்களில் ஏறி இறங்கியதோ தெரியாது, போன வருடம் ஆடி மாதம் என் பெறாமகள், அக்காவின் மகள், அதையே எனக்கு அனுப்பிவைத்தாள். "சின்னம்மா, ஆரோ நல்ல லிஸ்ட் ஒண்டு போட்டிருக்கினம். இதைப் பிடிச்சுப் போவம்." நான் 'புராக்கூடு' என்று விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருந்தது. நான் எழுதாத வரிகளும் சேர்ந்திருந்தன. வளரும் கல் வருடத்துக்கு ஓர் அங்குலம் வளரும் என்று யாரோ கணக்குக் கொடுத்திருந்தார்கள். அடியில் 'கட்டாயம் பகிருங்கள்'.

அது நான் எழுதியது என்று அவளிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. பெறாமகளும் அவளோடு கம்பஸில் படிக்கிற இரண்டு பெண்களும் வெள்ளி இரவு கொழும்பு பஸ்ஸில் ஏறி சனி விடியவே வந்து இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மலையகம், மற்றவள் மட்டக்களப்பு. மூன்று பேருக்கும் நான்தான் வழிகாட்டி. அந்தப் பயணத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து எழும்பிவிட்டேன். குதிரையைப் பற்றி எழுதத் தொடங்கினால் கை ஒரு குடத்தில் போய் நிற்கிறது. அதனால் இந்த முறை குடத்துக்குப் போகிற வழியையே எழுதுகிறேன்.

படகுக்கு முதல்

பண்ணைப் பாலம் தாண்டும்போது சோளகக் காற்று பஸ்ஸின் யன்னலுக்குள்ளால் அடித்தது. பரவைக் கடலில் மீன்பிடிக்கிற களங்கண்டித் தடிகள், ஒரு தடிக்கு ஒரு நீர்க்காகம். வேலணை, பிறகு கடலை வெட்டிக்கொண்டு போகிற நீண்ட தாம்போதி, புங்குடுதீவு, பூட்டிக்கிடக்கிற பெரிய பெரிய வீடுகள். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். இந்தப் பாதையை அறியாத ஆள் இதை வாசிக்கப்போவதில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

இறங்குதுறையில் சனம் இரண்டாகப் பிரியும். வெள்ளை உடுப்பும் தாமரைப் பூவுமாக நாகவிகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரீகர்களும், தேங்காய் பழத் தட்டோடு நாகபூசணி அம்மனுக்குப் போகிற எங்கடை ஆட்களும் நயினாதீவுப் படகுக்கு நிற்பார்கள். அது இருபது நிமிடத்துக்குள் முடிகிற கடல். சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு நான் சொல்வது நயினாதீவைத்தான். மத்தியானம் அமுதசுரபி அன்னதான மடத்தில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம், ஒரு தப்பும் நடக்காது. நெடுந்தீவு அப்படியில்லை. கடலே ஒரு மணித்தியாலம். சோளகக் காலத்தில் அந்த ஒரு மணித்தியாலத்தை வயிறு இரண்டாக எண்ணும்.

எங்கள் வீட்டில் நெடுந்தீவு என்ற சொல்லுக்குப் பின்னால் அம்மா எப்போதும் குமுதினி என்ற சொல்லைச் சேர்ப்பார். 1985 மே 15 அன்று அந்தப் படகை நடுக்கடலில் மறித்து உள்ளே இருந்தவர்களை வெட்டினார்கள். அந்தக் கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. அதே படகு அதற்குப் பிறகும் வருடக்கணக்காக அதே சனத்தை ஏற்றி இறக்கியது என்பதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மட்டக்களப்புப் பிள்ளை "வேற படகு இல்லாமலோ?" என்று கேட்டாள். "வேற படகு இல்லாமல்தான்" என்றேன்.

படகில் எங்களைப் போல ஆட்கள்தான் கூட. சனிக்கிழமை அப்படித்தான் இருக்கும். நெடுந்தீவில் வேலைபார்க்கிற ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வெள்ளி பின்னேரம் இந்தப் பக்கம் வந்துவிடுவார்கள், திங்கள் விடியத் திரும்பப் போவார்கள். அவர்கள் இறங்கின படகில் நாங்கள் ஏறுகிறோம். ஊர்க்காரரை அடையாளம் பிடிப்பது கஷ்டமில்லை. மடியிலோ காலடியிலோ ஏதோ ஒரு பாரம் இருக்கும்: காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை, பாண் நிறைந்த பெட்டி, தக்காளிக் கூடை, ஒருவரிடம் கழற்றின தண்ணீர் மோட்டர். எங்களிடம் போனும் தொப்பியும். "தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று முன்னால் இருந்த அம்மா ஒரு கோழிக்குஞ்சுப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு நித்திரையாகிப் போனார். அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

இரண்டு மணித்தியாலத்தில் முடிந்த தீவு

இறங்குதுறையில் ஒரு ஓட்டோத் தம்பி பிடிபட்டார். இருபத்தைந்து வயது இருக்கும். பெறாமகள் போனை நீட்டி, "இந்த லிஸ்ட்படி போவம் அண்ணை" என்றாள். அவர் பார்த்துச் சிரித்தார். "இந்த லிஸ்ட் எனக்குப் பாடம் அக்கா. எல்லாரும் இதைத்தான் காட்டுறவை. ஆனா வரிசை பிழை. இந்த வரிசையில போனா பெற்றோல் காணாது." எழுதினவளுக்கு முன்னாலேயே சொன்னார். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

சுமார் 50 சதுர கிலோமீற்றர் தீவு. தட்டுப்போலத் தட்டையான தரை, எங்கு பார்த்தாலும் முருகைக்கல். குடாநாட்டு வேலிகளில் கிடுகும் கிளுவையும் செய்கிற வேலையை இங்கே கல் செய்கிறது. சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. கடலில் செத்த பவளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், இடுக்குகளால் அடுத்த வளவு தெரியும். மலையகப் பிள்ளைக்கு அந்த மதில்களை விட்டு வர மனமில்லை. அவள் ஊர்த் தேயிலை மலையிலும் இப்படித்தான் கல்லடுக்கி மண்ணை மறித்திருப்பார்களாம், கட்டினது தன்னுடைய பாட்டன்மார் என்றாள். பட்டியலில் நான் 'கல்மதில்கள் (படம் எடுக்க நல்லது)' என்று எழுதியிருந்தேன்.

குதிரைகள் வெட்டவெளியில் நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை என்கிறார்கள். இப்போது அவற்றுக்கு எசமான் இல்லை. 2015இல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆடி மாதத்தில் புல் எங்கே இருக்கிறது? விலா எண்ணக்கூடிய ஒரு தாய், அதன் நிழலில் ஒரு குட்டி. கடும் வரட்சியில் இவை சாவதுண்டு என்று தம்பி சொன்னார். "தண்ணி இல்லாமல்" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டதை எங்கே வைத்தேனோ தெரியாது. பிள்ளைகள் குட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அது வரவில்லை. ஐந்து நிமிடம்.

பெருக்க மரத்துக்குள் நான்கு பேரும் புகுந்து நின்று படம் எடுத்தோம். பாவோபாப் என்கிற ஆபிரிக்கா மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டிருக்கவேண்டும் என்பார்கள். மன்னாரிலும் இருக்கிறது. மழைக்காலத்துத் தண்ணீரை வயிற்றில் கட்டிவைத்துக்கொண்டு வெயில்காலத்தைக் கடத்துகிற மரம் என்று பிள்ளைகளுக்கு நான்தான் விளக்கம் சொன்னேன். பிறகு கோட்டை. முருகைக்கல்லும் சுண்ணாம்பும், பாதி விழுந்தது, மீதி விழக் காத்திருப்பது. புறாக்கூடு. வெடியரசன் கோட்டையில் வட்டவட்டமான கல் அடித்தளங்கள். பௌத்த காலத்தவை என்று ஒரு பக்கமும் கதைகளில் வருகிற வெடியரசன் என்ற அரசனுடையவை என்று ஒரு பக்கமும் இழுக்கிறார்கள், கல் வாய் திறக்கவில்லை. வளரும் கல்லுக்குப் பக்கத்தில் பெறாமகளை நிறுத்திப் பார்த்தேன். நான் முதன்முதலாகப் பார்த்தபோது எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருப்பதாக எனக்குப் பட்டது. அங்குலக் கணக்குக் கொடுத்தவர் வந்து அளந்துகொள்ளட்டும். தெற்குக் கரையில் குவீன்ஸ் டவர், கப்பல்களுக்கு வழிகாட்டக் கட்டினதாம். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏற்றிவிட்டது.

மணி பன்னிரண்டே முக்கால். பட்டியல் முடிந்துவிட்டது. படகு பின்னேரம்தான்.

இந்த இடைவெளியைப் பற்றிப் பட்டியலில் ஒன்றும் இல்லை. எந்தத் தீவைப் பற்றின எந்தப் பட்டியலிலும் இருப்பதாகத் தெரியவில்லை. பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது, போகவும் முடியாது. இறங்குதுறையில் போய் இருக்கலாம், ஆனால் அந்த வெயிலில் கொங்கிறீற் தோசைக்கல்லாகக் கிடக்கும். தம்பி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "எங்கட வீடு கிட்டத்தான். அம்மம்மா மட்டும்தான் நிக்கிறா. நிழலில கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோவன்."

இரண்டு குடம்

அந்த வீட்டை எனக்கு இன்றைக்கும் அப்படியே தெரியும். கல்மதில், மதிலோடு கவிழ்த்துப் போட்ட உடைந்த பைபர் படகு, அதன்மேல் காய்கிற புழுக்கொடியல், ஒரு முருங்கை, கூட்டின முற்றத்தில் விளக்குமாற்றுக் கோடுகள். திண்ணை ஓரத்தில் இரண்டு குடம். ஒன்று எவர்சில்வர், மற்றது பிளாஸ்ரிக், இரண்டுக்கும் மூடி. எவர்சில்வர் குடத்தின் மூடிமேல் ஒரு செம்பு கவிழ்த்திருந்தது.

வெளியில் போய் வந்தால் கால் கழுவாமல் படியேறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மம்மா காலத்துச் சட்டம். பள்ளிக்கூடத்தால் வந்தால் நேரே கிணற்றடி, பிறகுதான் வீடு. இன்னொருவர் வீட்டுக்குப் போனால் இன்னும் கவனம். புழுதிக் காலோடு திண்ணையில் ஏறினால் 'வளர்த்த வளர்ப்பு' என்று எங்கள் அம்மாவுக்குத்தான் பேச்சு விழும். திண்ணை ஓரத்தில் தண்ணீரும் செம்பும் இருந்தால் அது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றினேன். மூடியைத் திறந்து ஒரு செம்பு மொண்டு வலது காலுக்கு ஊற்றினேன், பிறகு இடது காலுக்கு. வெயிலில் வெந்த காலுக்கு அது என்ன சுகம்! இன்னொரு செம்பு. முகத்துக்கு ஒன்று. "வாங்கோ பிள்ளையள், கழுவிப்போட்டு ஏறுங்கோ" என்று மூன்று பேரையும் வரிசையில் நிற்பாட்டி நானே ஊற்றிவிட்டேன். ஒரு முழுக் குடம் இல்லை. முக்கால் குடம் இருக்கும்.

உள்ளே இருந்து ஆச்சி வந்தார். மெலிந்த, நிமிர்ந்த மனிசி, வெள்ளைச் சேலை. எங்கள் கால்களைப் பார்த்தார். முற்றத்து மண் குடித்துக்கொண்டிருந்த ஈரத்தைப் பார்த்தார். "வாங்கோ, வாங்கோ. இருங்கோ பிள்ளையள்" என்றார். என்றபடியே குனிந்து மற்றக் குடத்தை, பிளாஸ்ரிக் குடத்தை, இடுப்பில் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அவசரம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. விருந்தாளி வந்தால் காலில் தட்டுப்படுகிற சாமானை ஒதுக்கி வைப்பதுபோல இருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல மனிசி, இடம் பண்ணித் தருகிறா என்று நினைத்தேன்.

தேத்தண்ணி வந்தது. பேரனோடு சேர்த்து ஐந்து பேருக்கு, பனங்கட்டித் துண்டோடு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். ஆச்சி மட்டக்களப்புப் பிள்ளையிடம் அந்தப் பக்கத்து மீன் விலை விசாரித்தார். மலையகப் பிள்ளையிடம் உங்கள் ஊரில் வருடம் முழுக்க மழை பெய்யுமாமே, உண்மையோ என்று கேட்டார். அவள் பெய்கிற மழை எல்லாவற்றையும் சொன்னாள்: இரண்டு கிழமை விடாத மழை, சுவரில் ஊறுகிற மழை, உடுப்புக் காயாத மழை. ஆச்சி கையை மடியில் கட்டிக்கொண்டு, கதைப்பிரசங்கம் கேட்கிற மாதிரிக் கேட்டார். "சுவருக்குள்ளாலயும் வருமோ?" என்று திருப்பிக் கேட்டார். அவ்வளவு ஆசையோடு மழையைப் பற்றி ஒருவர் விசாரித்து நான் பார்த்ததில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

விளங்கினது ஓட்டோவில். பெறாமகள்தான் தொடங்கினாள். "அண்ணை, உங்கட வீட்டுத் தேத்தண்ணி நல்ல ருசி. யாழ்ப்பாணத்துத் தண்ணியில இப்பிடி வராது." தம்பி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "அது நல்ல தண்ணி. எங்கட கிணறு உவர். குளிக்க, உடுப்புத் தோய்க்கத்தான் சரி. குடிக்கிறதுக்கு தண்ணி பவுசர் வந்தாத் தருவாங்கள், இல்லாட்டி சாராப்பிட்டிப் பக்கம் போய் அள்ளோணும். நாளைக்கு நான் போறன்." நாளைக்கு நான் போகிறேன் என்றதுதான். குறையாகச் சொல்லவில்லை. என்னைக் கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. நாளைக்குப் போகவேண்டிய காரணம் பின்சீற்றில் ஈரம் காயாத காலோடு இருந்தது. பிள்ளைகள் மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் இருக்க வெளியே பார்த்தார்கள். கல்மதில்கள் போய்க்கொண்டே இருந்தன.

அந்த இரண்டாவது குடத்தை இடுப்பில் எடுத்தபோது ஆச்சி சிரித்தாவா என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். சிரித்த மாதிரித்தான் இருக்கிறது.

தெரிந்தவளுக்குத் தெரியாதது

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான் இது. சுண்ணக்கல் தீவில் மழைத்தண்ணீர் கீழே இறங்கி, பாரமான உப்புத்தண்ணீர்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன் பாரம் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமர்த்திவைக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழே இருக்கிற உப்பு அதே கணக்கில் ஏறிவரும். குடாநாடும் இந்தக் கணக்கில்தான் தண்ணீர் குடிக்கிறது. நெடுந்தீவு இன்னும் சின்னது, இன்னும் தட்டை, மழையும் மூன்று மாதத்துக் கதை. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் படம் கீறி முழுப் புள்ளி எடுத்திருக்கிறேன்.

படித்தது போகட்டும், பட்டதும் இருக்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த அந்தக் காலம், 2014 கடைசியும் 2015உம், அக்கா வீட்டுக் கிணறும் போனது. நான்தான் ஸ்கூட்டியில் கான் கட்டிக்கொண்டு போய் அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். அந்தக் கானுக்குள் யாராவது குவளையைப் போட்டால் அக்கா ஒரு பார்வை பார்ப்பா. குடிக்கிறது வேறு, கழுவுகிறது வேறு, சமையலுக்கு வேறு என்று மூன்று வாளி, மூன்று நிற மூடி. பெறாமகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவளுக்கு அந்த மூடிகளின் நிறம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எனக்கு ஒரு மாதிரித்தான் இருந்தது சின்னம்மா, ஆனா நீங்கள் ஊத்தேக்க எப்பிடிச் சொல்லுறது" என்றாள் வீட்டுக்கு வந்தபிறகு. அதாவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் வழிகாட்டி என்பதால் பேசாமல் காலை நீட்டியிருக்கிறாள்.

நயினாதீவு அம்மன் கோயிலில் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பராக்கிரமபாகு மன்னனுடையது. வெளிநாட்டார் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்கவேண்டும், அவர்களைக் காக்கவேண்டும் என்றும், யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்றும், சரக்குக் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் அதில் இருக்கிறது. தீவுக்கு வருகிறவனிடம் எதை எடுக்கலாம், எதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று அப்போதே கணக்கு வைத்திருக்கிறார்கள். யானையும் இல்லாமல் சரக்கும் இல்லாமல், தொப்பியும் போனுமாகக் கரையேறி முக்கால் குடத்தைக் காலில் ஊற்றிவிட்டுப் போகிறவளுக்கு அந்தக் கல்லில் வரி இல்லை.

பட்டியலைத் திருத்தலாம் என்று நினைத்தேன். பதினாறாவது வரி ஒன்று சேர்த்து, கட்டாயம் பகிருங்கள் என்று போட்டால் அது போகிற இடமெல்லாம் போகும். 'தண்ணீர் கொண்டு போகவும்' என்று எழுதினேன். வாசித்தால் வெயிலுக்குச் சொல்கிற புத்திமதி மாதிரி, எங்களுக்குத் தாகம் எடுக்காமல் இருக்கச் சொல்கிற மாதிரி இருந்தது. அழித்தேன். 'தண்ணீரைச் சிக்கனமாகப் பாவிக்கவும்' என்றால் ஹோட்டல் குளியலறையில் ஒட்டின அறிவித்தல். 'ஊர் மக்களின் வீடுகளுக்குச் செல்லும்போது' என்று ஒரு வரி தொடங்கி, அந்தத் தொனி எனக்கே பிடிக்காமல் விட்டேன். ஆச்சியின் வீடு காட்சிச் சாலையில்லை, அங்கே நடந்துகொள்ளும் விதிகள் எழுத. நான் செய்தது நாகரிகக்கேடும் இல்லை. நாகரிகம் என்று எனக்குச் சொல்லித்தந்ததைத்தான் செய்தேன். அந்த முடிச்சை ஒரு வரியில் அவிழ்க்க எனக்குத் தெரியவில்லை.

யாராவது இப்போது தீவுப் பயணம் என்று கேட்டால் வேறு இடங்களைச் சொல்லிச் சமாளிக்கிறேன். ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்குப் 'பாதை' என்கிற மிதவையில் ஏறிப் போங்கள், பத்து நிமிடம், மோட்டார்சைக்கிளோடு ஏறலாம், கடற்கோட்டை கிட்டத் தெரியும், அந்தப் பக்கம் போய்க் கசூரினாவில் குளிக்கலாம். சாட்டிக் கடற்கரையில் பின்னேரம் இருங்கள். நெடுந்தீவு? கடல் கரடுமுரடு, பிறகு பார்க்கலாம் என்பேன்.

ஆனால் நான் போனேன்.

புதன்கிழமைப் படகு

புரட்டாதியில் ஒரு புதன். லீவு போட்டுவிட்டு விடியவே வெளிக்கிட்டேன். இரண்டு ஐந்து லீற்றர் கான் தண்ணீர். மாமி வாசலில் நின்று பார்த்தார். "ஒரு வீட்டுக்குத் தண்ணி கொண்டுபோறதோ? ஆரும் கேள்விப்பட்டா சிரிப்பினம். வாழைப்பழமும் பிஸ்கற்றும் வாங்கிக்கொண்டு போம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரு சீப்பு கதலியும் இரண்டு பக்கற் பிஸ்கற்றும் வாங்கினேன். கானையும் விடவில்லை.

குறிகட்டுவானில் தீவில் இருந்து வந்த காலைப் படகு சனத்தை இறக்கிக்கொண்டிருந்தது. வழிவிட்டு ஒதுங்கி நின்றேன். கிளினிக் கொப்பிகளைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் பிடித்தபடி வயதானவர்கள், பால் கான்கள், கட்டுப்போட்ட கையோடு ஒரு பையன். எங்கள் படகில் சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. பாரம் இல்லாதவர்களும் ஒருவரும் இல்லை. முதல்முறையாக என் காலடியிலும் ஏதோ இருந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியை கான்களைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் குடிக்கவோ?" என்றார். ஓம் என்று பொய் சொன்னேன். பத்து லீற்றரா என்று அவர் கேட்கவில்லை.

அந்தத் தம்பியைக் காணவில்லை, வேறு ஓட்டோ. கவிழ்த்த பைபர் படகு என்றதும் கண்டுபிடித்துவிட்டார். படலை கயிற்றால் கட்டியிருந்தது. திண்ணை ஓரத்தில் குடமும் இல்லை, செம்பும் இல்லை. நான் கூப்பிட்ட சத்தத்துக்கு அடுத்த வளவில் இருந்து ஒரு பெண் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஆச்சி கிளினிக்குக்கு யாழ்ப்பாணம் போயிட்டா, விடியப் படகில, பேரனும் கூட என்றார். அப்படியானால் குறிகட்டுவானில் நான் ஒதுங்கி வழிவிட்ட ஆட்களுக்குள் ஆச்சியும் போயிருக்கிறா. என் கையில் கான்களைப் பார்த்துமிருப்பா.

மதிலுக்கு மேலால் வாழைப்பழத்தைக் கொடுத்தேன், பிஸ்கற்றைக் கொடுத்தேன், பிறகு கான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் வாங்கி நிழலில் வைத்தார். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தார்.

"ஆர் தந்தது எண்டு சொல்லுறது?"

பெயர் சொன்னால் ஆச்சிக்குத் தெரியாது. கொழும்புப் பிள்ளைகளோடு வந்த ஆள் என்றால் சனிக்கு நாலு பேர் அப்படி வருகிறார்கள். பட்டியல் எழுதினவள் என்றால் யாருக்கு விளங்கும்?

"கால் கழுவின ஆள் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"ஓ," என்றார் அவர். "அது நீங்களோ?"